மூன்று கோபெக் அரிச்சுவடி

1861 ஜனவரியில், பீட்டர்ஸ்பர்க் கலைக் கழகத்தில் தனக்குத் தரப்பட்டிருந்த அறையில் நோயோடு மல்லாடிக்கொண்டிருந்த தராஸ் ஷெவ்சென்கோ, கீவ் நகரில் இருந்த மிஹைலோ சாலி என்ற கல்வியாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். எழுதியவர் உக்ரைனின் மகாகவி. கடிதத்தில் இருப்பதோ மளிகைக் கடைக்காரர் போடுகிற மாதிரியான கணக்கு. தான் அச்சிட்ட அரிச்சுவடியில் ஆயிரம் பிரதிகளை அனுப்புகிறார். அடுத்து ஒரு கணக்குப் புத்தகம், இதே அளவில், இதே விலையில். அதற்குப் பிறகு மக்கள் வாழ்வியலும் புவியியலும், ஐந்து கோபெக். வரலாற்றை, அதுவும் 'நம்முடையதை மட்டும்', பத்து கோபெக்குக்குள் எப்படியாவது திணித்துவிடலாம் என்று நினைக்கிறார்.

அந்த வரிசையில் முதல் புத்தகம் மட்டுமே வந்தது. பிப்ரவரி முடிவதற்குள் அவர் இறந்துவிட்டார்.

அந்த அரிச்சுவடி மெலிந்த ஒரு சிறுநூல், 24 பக்கம். எழுத்துகள், தாவீதின் சங்கீதங்களில் சில, ஜெபங்கள், எண்கள், பெருக்கல் வாய்ப்பாடு, பழைய கோசாக் கதைப்பாடல்கள் இரண்டு, கடைசியில் கொஞ்சம் பழமொழிகள். 10,000 பிரதிகள் அச்சாயின. விலை மூன்று கோபெக். நூறு கோபெக் சேர்ந்தால்தான் ஒரு ரூபிள் என்பதால், பண்ணையடிமையாக இருந்து அப்போதுதான் விடுதலை பெறவிருந்த குடியானவனும் வாங்கக்கூடிய விலை அது.

உக்ரேனிய மொழி ஒடுக்கப்பட்ட கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாகக் கவிஞர்களை முன்னிறுத்துவார்கள்: நாடு கடத்தப்பட்ட கவிஞன், பறிமுதல் செய்யப்பட்ட கவிதை. அதில் பொய் இல்லை. ஆனால் ஜார் அரசின் சுற்றறிக்கைகளை உட்கார்ந்து வாசித்தால், அதிகாரிகளின் தூக்கத்தைக் கெடுத்தது கவிதை அல்ல, இந்த மூன்று கோபெக் புத்தகமே என்று தெரியவரும். கவிதைக்கு அவர்கள் அனுமதி வைத்திருந்தார்கள். அரிச்சுவடிக்கு வைக்கவில்லை.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தினிப்ரோ ஆற்றின் இருகரையிலும் பரந்த நிலத்தின் இடக்கரையில், கோசாக் படைத்தலைவரான 'ஹெட்மான்' ஆண்ட தன்னாட்சிப் பகுதி ஒன்று 17-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மாஸ்கோவின் பாதுகாப்பில் இருந்துவந்தது. அந்தத் தன்னாட்சி துண்டு துண்டாக அறுக்கப்பட்டது. 1720-இல் முதலாம் பீட்டர், கீவ் குகை மடத்தின் அச்சகம் பழைய திருச்சபை நூல்களைத் தவிர வேறெதையும் அச்சிடக் கூடாது, அவற்றிலும் பெரு ரஷ்ய நூல்களிலிருந்து எந்த வேறுபாடும் தலைகாட்டக் கூடாது என்று ஆணையிட்டார். 1764-இல் இரண்டாம் கேத்தரின் ஹெட்மான் பதவியை ஒழித்தார். 1775-இல் ஸாபொரோஷிய கோசாக்குகளின் கோட்டை இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. 1783-இல் இடக்கரைக் குடியானவர்கள் நிலத்தோடு கட்டப்பட்டுப் பண்ணையடிமைகள் ஆனார்கள். கோசாக் தலைவர்களின் பேரப்பிள்ளைகளோ ரஷ்ய பிரபுக்களாகப் பட்டம் பெற்று, பீட்டர்ஸ்பர்க்கில் உத்தியோகம் தேடிக்கொண்டார்கள். மொழி கிராமத்தோடு தங்கிவிட்டது.

அப்படித் தங்கிய மொழியை முதலில் அச்சேற்றியது ஒரு கேலிக் காவியம். 1798-இல் வெளிவந்த கொத்லியாரெவ்ஸ்கியின் 'எனெயிதா'வில், டிராய் நகர வீரர்கள் கோசாக் உடுப்பு மாட்டிக்கொண்டு, ஹோரில்கா சாராயம் குடித்துக்கொண்டு ஊர் ஊராக அலைகிறார்கள். பிரபுக்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். யாரும் தடை செய்யவில்லை. பாட்டி வீட்டுப் பேச்சை வரவேற்பறையில் கேட்பதில் இருக்கிற கிளுகிளுப்பு எந்தப் பேரரசுக்கும் ஆபத்தானதல்ல.

ஷெவ்சென்கோ வந்தபோது சிரிப்பு நின்றது. 1814-இல் பண்ணையடிமையாகப் பிறந்தவர் அவர். ஓவியத் திறமையைக் கண்ட பீட்டர்ஸ்பர்க் கலைஞர்கள், புகழ்பெற்ற ஓவியர் பிரியுல்லோவ் வரைந்த கவிஞர் ஷுகோவ்ஸ்கியின் படத்தைக் குலுக்கலில் விட்டு, வந்த 2,500 ரூபிளைக் கொடுத்து 1838-இல் அவரை எஜமானனிடமிருந்து மீட்டார்கள். இரண்டே ஆண்டில் 'கொப்ஸார்' கவிதைத் தொகுப்பு வெளிவந்தது. அதே குடியானவர் மொழிதான், ஆனால் அதில் அழுகையும் ஆத்திரமும் வரலாறும் இருந்தன. 1847-இல், ஸ்லாவ் மக்களின் சமத்துவக் கூட்டாட்சியைக் கனவு கண்ட சிரில்-மெத்தோடியஸ் சகோதரத்துவம் என்ற இரகசியக் குழுவோடு சேர்த்து அவரும் கைதானார். வரலாற்றாசிரியர் கொஸ்தோமாரோவ் போன்ற படித்தவர்கள் சிறையோடும் உள்நாட்டு நாடு கடத்தலோடும் தப்பினார்கள். ஷெவ்சென்கோ மட்டும் சாதாரணச் சிப்பாயாக ஓரன்பர்க் எல்லைப்புறத்துக்கு அனுப்பப்பட்டார். தண்டனை உத்தரவில் முதலாம் நிக்கோலஸ் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்: கடுமையான கண்காணிப்பில் வைக்க வேண்டும், எழுதவும் வரையவும் விடக்கூடாது.

எழுதக் கூடாது என்றால் எழுதாமல் இருந்துவிடுவாரா? காகிதத்தை உள்ளங்கையளவு வெட்டி, தைத்து, பொடி எழுத்தில் கவிதைகளை எழுதி, சிப்பாய்க் காலணியின் நீண்ட கழுத்துக்குள் செருகிக்கொண்டார். 'காலணிப் புத்தகங்கள்' என்றே பெயர் பெற்ற அந்தக் குட்டி நோட்டுகள் இன்றும் இருக்கின்றன. பத்தாண்டுத் தண்டனை முடிந்து 1857-இல்தான் அவருக்கு விடுதலை.

இந்த மனிதர் தன் கடைசி மாதங்களில், காசையும் தெம்பையும் காவியத்தில் போடாமல் பெருக்கல் வாய்ப்பாட்டில் போட்டார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கிரீமியப் போரில் தோற்ற ரஷ்யா அப்போது சற்று இறுக்கம் தளர்ந்திருந்தது. பண்ணையடிமை முறை ஒழியப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பல்கலைக்கழக மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூலிக்காரர்களுக்கும் கைத்தொழிலாளிகளுக்கும் இலவசமாக எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். இந்த ஞாயிற்றுப் பள்ளிகள் முதலில் தலையெடுத்த இடங்களில் கீவும் ஒன்று. பள்ளி இருக்கிறது, மாணவன் இருக்கிறான், அவன் பேச்சில் புத்தகம் இல்லை. அந்த இடைவெளியை அடைக்கத்தான் எழுத்தாளர் குலிஷ் 1857-இல் ஓர் அரிச்சுவடி வெளியிட்டார், ஷெவ்சென்கோ மலிவான இன்னொன்றை அச்சிட்டார், கொஸ்தோமாரோவ் உக்ரேனியப் பாடநூல்களுக்காகப் பத்திரிகையில் பகிரங்கமாக நன்கொடை திரட்டினார்.

இதே சமயத்தில், நிஷின் ஊரில் பள்ளி ஆய்வாளராக இருந்த பிலிப் மொராச்செவ்ஸ்கி நான்கு நற்செய்திகளையும் உக்ரேனியத்தில் மொழிபெயர்த்து முடித்தார். பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தின் அறிஞர்கள் படித்துப் பார்த்துப் பாராட்டினார்கள். கோப்பு, திருச்சபையின் உச்ச மன்றமான புனித சினோடுக்குப் போனது.

அங்கேதான் விஷயம் அரசியலானது. 1862 கோடையில் ஞாயிற்றுப் பள்ளிகள் பேரரசு முழுக்க மூடப்பட்டன. 1863 ஜனவரியில் போலந்தில் கிளர்ச்சி வெடித்தது. கிளர்ச்சியின் புகை கீவ் வரை வந்தது. குடியானவன் கையில் அவன் மொழியிலேயே நற்செய்தியும் அரிச்சுவடியும் போனால் நாளை என்ன ஆகும் என்று அதிகாரிகள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டார்கள். எல்லாவற்றுக்கும் பின்னால் போலந்துக்காரரின் சதி இருப்பதாக நம்பினார்கள். அப்படி நம்பியது அவர்களுக்கு வசதியாகவும் இருந்தது.

பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி 1863 ஜூலை 18 அன்று, உள்துறை அமைச்சர் பியோத்தர் வலூயெவ் ஓர் இரகசியச் சுற்றறிக்கை அனுப்பினார். தனியான சிறு ரஷ்ய மொழி (உக்ரேனியத்துக்குப் பேரரசு வைத்த பெயர் அது) என்று ஒன்று 'இருந்ததில்லை, இல்லை, இருக்கவும் முடியாது' என்ற புகழ்பெற்ற வாசகம் அதில்தான் வருகிறது. இல்லாத மொழிக்குத் தடை எதற்கு என்று கேட்டுச் சிரிப்பது சுலபம். நூற்றைம்பது ஆண்டுகளாகப் பலரும் சிரித்தாயிற்று. ஆனால் அந்த வாசகத்தை வலூயெவ் தன் சொந்தக் கருத்தாக எழுதவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 'சிறு ரஷ்யர்களில் பெரும்பாலோரே இப்படி நிறுவுகிறார்கள்' என்று சொல்லி அவர்கள் வாயில் அதை வைக்கிறார். கீவ் தணிக்கைக் குழு அனுப்பிய கடிதத்திலிருந்து எடுத்த வாசகம் அது.

சுற்றறிக்கையின் உண்மையான வேலை அதற்குக் கீழே, யாரும் மேற்கோள் காட்டாத பகுதியில் இருக்கிறது. கலை இலக்கிய நூல்களை அச்சிடலாம். சமய நூல்கள், பாடநூல்கள், பொதுவாக 'மக்களின் தொடக்க வாசிப்புக்கு' உரியவை எவற்றையும் அச்சிட அனுமதிக்கக் கூடாது. அதாவது ஒரு பிரபு உக்ரேனியத்தில் காதல் கவிதை எழுதி இன்னொரு பிரபுவுக்கு வாசித்துக் காட்டலாம். குடியானவன் தன் மகனுக்கு அதே மொழியில் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கப் புத்தகம் கிடைக்காது. இதைவிடத் துல்லியமாக ஒரு கத்தியை எங்கே வைக்க வேண்டும் என்று எந்த அறுவை மருத்துவரும் காட்டியிருக்க முடியாது.

கல்வி அமைச்சர் கொலோவ்நின் எதிர்த்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நூலை அதிலுள்ள கருத்துக்காகத் தடை செய்யலாம், எழுதப்பட்ட மொழிக்காகத் தடை செய்வது எப்படி என்று கேட்டு வலூயெவுக்குப் பதில் எழுதினார். எடுபடவில்லை. தற்காலிக ஏற்பாடு என்று சொல்லித் தொடங்கிய தடை, தற்காலிக ஏற்பாடுகளுக்கே உரிய ஆயுளோடு நீடித்தது. கொஸ்தோமாரோவ் திரட்டிய பணம் புத்தகமாக மாறாமல் முடங்கிக் கிடந்தது.

ஏன் இந்த மொழிமேல் மட்டும் இத்தனை வன்மம்? இதே பேரரசில் எஸ்தோனியர்கள் 1869-இல் தங்கள் மொழியில் முதல் பெரும் பாட்டுத் திருவிழா நடத்தினார்கள். லாத்வியருக்குச் செய்தித்தாள்கள் இருந்தன. ஜார்ஜியரும் ஆர்மேனியரும் தங்கள் எழுத்தில் அச்சிட்டார்கள். லிதுவேனியருக்கு லத்தீன் எழுத்து 1904 வரை மறுக்கப்பட்டது, ஆனால் அவர்களுக்குத் தனி மொழி உண்டு என்பதை யாரும் மறுக்கவில்லை. அவர்கள் எல்லோரும் அந்நியர், அந்நியனுக்கு ஒரு மொழி இருப்பது இயல்பு. உக்ரேனியன் அந்நியன் அல்ல என்பதுதான் பேரரசின் கொள்கை. பெரு ரஷ்யன், சிறு ரஷ்யன், வெள்ளை ரஷ்யன் என்று ஒரே மரத்தின் மூன்று கிளைகள், மூவரும் சேர்ந்தால் ஒரே ரஷ்ய மக்கள். தம்பி தனிக்குடித்தனம் போகக் கூடாது.

இதில் உணர்ச்சியைவிடக் கணக்குதான் அதிகம். 1897-இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பேரரசின் மக்கள் ஏறத்தாழ 12.56 கோடி. பெரு ரஷ்ய மொழியைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 5.57 கோடி, அதாவது 44 சதவீதம். தங்கள் பேரரசிலேயே அவர்கள் சிறுபான்மை. சிறு ரஷ்யரின் 2.24 கோடியையும் வெள்ளை ரஷ்யரின் 59 லட்சத்தையும் சேர்த்துக்கொண்டால் எண்ணிக்கை 8.4 கோடியாகிறது, மூன்றில் இரண்டு பங்கு. ரஷ்யா ரஷ்யர்களின் நாடு என்று சொல்ல முடிவதும் முடியாமல் போவதும் அந்த ஏறத்தாழ 2.8 கோடிப் பேர் தங்களை யாரென்று சொல்லிக்கொள்கிறார்கள் என்பதில் தொங்கிக்கொண்டிருந்தது. குடியானவன் அதுவரை யாரென்றும் சொல்லிக்கொள்ளவில்லை. கேட்டால் இந்த ஊர்க்காரன் என்பான், ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவன் என்பான். பள்ளிக்கூடம் எந்த மொழியில் அவனை முதலில் அடைகிறதோ அந்த மொழிக்காரனாக அவன் ஆகிவிடக்கூடும். பிரான்சு இதைத்தான் தன் கிராமங்களில் செய்துகொண்டிருந்தது. ஆனால் பிரான்சு பள்ளிக்கூடமாவது கட்டியது. ஜார் அரசு ரஷ்ய மொழிப் பள்ளிகளைப் போதிய அளவில் கட்டவும் இல்லை, உக்ரேனியப் பள்ளியைக் கட்ட விடவும் இல்லை.

1870-களில் இயக்கம் மீண்டும் மூச்சுவிட்டது. 'ஹ்ரொமாதா' என்று அழைக்கப்பட்ட கீவ் அறிஞர் வட்டம், 1873-இல் அரசின் புவியியல் சங்கத்துக்கே ஒரு தென்மேற்குக் கிளையைத் திறந்துகொண்டு, சட்டத்தின் நிழலில் பாட்டும் கதையும் சடங்கும் சேகரித்தது. கிராமம் கிராமமாக அலைந்து ஏழு தொகுதிகள் வெளியிட்ட பாவ்லோ சுபின்ஸ்கி இந்த வட்டத்தைச் சேர்ந்தவர். 1862-இல் அவர் எழுதிய பாடல்தான் இன்றைய உக்ரைனின் தேசிய கீதம். அதே ஆண்டில் அவர் வடக்கே ஆர்க்காங்கெல்ஸ்க் மாகாணத்துக்கு நாடு கடத்தப்பட்டிருந்தார்.

இந்த வட்டத்தைக் காட்டிக்கொடுத்தவர் மாஸ்கோக்காரர் அல்ல. மிஹைல் யூசெஃபோவிச், பொல்தாவா பக்கத்துச் சிறு ரஷ்யப் பிரபு, கீவ் கல்வி வட்டாரத்தின் முன்னாள் துணைக் கண்காணிப்பாளர். பழைய ஆவணங்களைப் பதிப்பிக்கும் குழுவுக்குத் தலைவர். உள்ளூர் வரலாற்றின்மேல் பிரியம் உள்ளவர்தான். கோசாக் காலத்தை அருங்காட்சியகத்தில் வைத்துப் போற்றலாம், தெருவில் நடமாட விடக் கூடாது என்பது அவர் கட்சி. அவர் அனுப்பிய குறிப்பின்பேரில் ஒரு குழு அமைந்தது, அதில் அவருக்கும் இடம் கிடைத்தது. குழுவின் பரிந்துரை, ஜெர்மனியின் எம்ஸ் என்ற ஊற்றுநீர் ஊரில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த இரண்டாம் அலெக்சாந்தரிடம் போனது. 1876 மே 18 அன்று அவர் ஒப்பமிட்டார். ஐரோப்பியப் பணக்காரர்கள் வயிற்றுக் கோளாறுக்குத் தண்ணீர் குடிக்க வரும் ஊரிலிருந்து, இரண்டு கோடிப் பேர் பேசும் மொழிக்குப் பூட்டு வந்தது.

வலூயெவ் விட்டுவைத்த சந்துகளை எம்ஸ் ஆணை அடைத்தது. வெளிநாட்டில் அச்சான உக்ரேனிய நூல்களைத் தனி அனுமதியின்றிக் கொண்டுவரக் கூடாது. மொழிபெயர்ப்பே கூடாது. நாடகம், பொது வாசிப்பு, இசைக் குறிப்புகளுக்குக் கீழே பாடல் வரிகள் அச்சிடுவது எல்லாம் தடை. பழைய வரலாற்று ஆவணங்களும் கலை இலக்கியமும் மட்டும் வரலாம், இலக்கியத்துக்கும் ரஷ்ய எழுத்துக்கூட்டல் கட்டாயம். புவியியல் சங்கத்தின் கீவ் கிளை மூடப்பட்டது. ஏற்கெனவே பல்கலைக்கழக வேலையை இழந்திருந்த, அந்த வட்டத்தைச் சேர்ந்த அறிஞர் மிஹைலோ திரகோமானோவ் ஜெனீவாவுக்குப் போனார். ஆணை எங்கும் வெளியிடப்படவில்லை. தன் புத்தகம் எந்தச் சட்டத்தின்கீழ் நிராகரிக்கப்பட்டது என்பதை எழுத்தாளன் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

எழுத்துக்கூட்டல் விதியை மட்டும் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் அதில்தான் அந்த நிர்வாகத்தின் புத்தி வெளிப்படுகிறது. உக்ரேனியத்தில் 'கித்' என்றால் பூனை. அதன் 'இ' ஒலிக்கு உக்ரேனியர்கள் வைத்துக்கொண்ட எழுத்தை விட்டுவிட்டு, ரஷ்ய முறைப்படி அதே ஒலியை வேறோர் எழுத்தால் எழுது என்கிறது விதி. எழுதினால், ரஷ்ய மொழியில் திமிங்கலத்தைக் குறிக்கிற சொல் தாளில் நிற்கும். இப்படி வரிக்கு வரி நேர்ந்தால் மொழியே கொச்சை ரஷ்ய மொழி போலத் தெரியத் தொடங்கும். அதுதான் நோக்கமும். உக்ரேனியர்கள் இந்த எழுத்துமுறைக்கு, அதில் திணிக்கப்பட்ட ரஷ்ய எழுத்தின் பெயரை வைத்து, 'யாரிஷ்கா' என்று இளக்காரமாகப் பெயர் சூட்டினார்கள்.

பாட்டுக் கச்சேரியின் கதி இன்னும் வேடிக்கையானது. மழையைக் கூப்பிடும் ஒரு நாட்டுப்பாடலை மேடையில் அதன் சொந்த மொழியில் பாட முடியாததால் பிரெஞ்சில் மொழிபெயர்த்துப் பாடினார்கள் என்ற கதை கீவில் நெடுங்காலம் உலவியது. நாடகத்துக்கு 1881-இல் கதவு கொஞ்சம் திறந்தது. ஆளுநர் அனுமதித்தால் நடத்தலாம், ஆனால் அதே இரவில் ஒரு ரஷ்ய நாடகத்தையும் சேர்த்து நடத்த வேண்டும். அப்படியும் க்ரொபிவ்னித்ஸ்கியின் குழுவும் நடிகை மரியா ஸான்கொவெத்ஸ்காவும் ஊர் ஊராகக் கொடிகட்டிப் பறந்தார்கள். பீட்டர்ஸ்பர்க்கில் ஜார் மூன்றாம் அலெக்சாந்தரே வந்து பார்த்து ரசித்தார். கீவில் மட்டும் முடியாது. அங்கே தலைமை ஆளுநர் திரென்தெல்ன் போட்ட தடை 1883-இலிருந்து பத்தாண்டு நீடித்தது. மேடையில் காட்ட அனுமதிக்கப்பட்டதும் பெரும்பாலும் கிராமம், காதல், குடி, கூத்து. படித்த மனிதர்கள் உக்ரேனியத்தில் பேசிக்கொள்ளும் காட்சி தணிக்கையைத் தாண்டுவது அரிது. மொழி குடியானவனுடையது என்று முதலில் சொன்னார்கள், பிறகு குடியானவனைத் தவிர யாரும் அதைப் பேசாதபடி பார்த்துக்கொண்டார்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் வேறு உலகம். 1772-இல் ஆஸ்திரியாவின் கைக்குப் போன கலீசியாவிலும் இதே மக்கள் 'ருத்தேனியர்' என்ற பெயரில் வாழ்ந்தார்கள். ஆஸ்திரியாவைப் புனிதராக்க வேண்டியதில்லை. 1837-இல் மூன்று இளம் சமயப் பள்ளி மாணவர்கள் வெளியிட்ட 'தினிஸ்தர் ஜலகன்னி' என்ற தொகுப்பைப் பறிமுதல் செய்தது லிவிவ் நகரத் தணிக்கைதான். மாகாணத்தில் போலந்துப் பிரபுக்களின் கை ஓங்கியிருந்தது. ஆனால் 1867 அரசியல் சட்டத்துக்குப் பிறகு அங்கே சங்கம் வைக்கலாம், பத்திரிகை நடத்தலாம், பள்ளியில் தாய்மொழி உண்டு. 1868-இல் தொடங்கிய 'ப்ரொஸ்வித்தா' சங்கம், கீவில் தடை செய்யப்பட்ட அதே மலிவுப் புத்தகங்களை அச்சிட்டுக் கிராமம்தோறும் வாசகசாலை திறந்தது. 1873-இல் லிவிவில் ஷெவ்சென்கோ பெயரில் அச்சகத்தோடு ஒரு சங்கம் எழுந்தபோது, அதற்குப் பெருந்தொகை கொடுத்தவர் ரஷ்யப் பேரரசின் பொல்தாவாவில் வாழ்ந்த யெலிஸவேத்தா மிலொரதொவிச் என்ற சீமாட்டி. பணம் மேற்கே போனது, கையெழுத்துப் படிகளும் பின்னாலேயே போயின. நெசூய்-லெவித்ஸ்கி, பனாஸ் மிர்னி போன்ற பேரரசின் எழுத்தாளர்கள் வெளிநாட்டில் அச்சேறினார்கள். மிர்னியின் பெரிய நாவல் 1880-இல் ஜெனீவாவில் வந்தது.

அங்கேதான் திரகோமானோவும் இருந்தார். 1878-இல் அவரும் கூட்டாளிகளும் ஷெவ்சென்கோவின் கவிதைகளை ஐந்தரைக்கு எட்டரை சென்டிமீட்டர் அளவில் அச்சிட்டார்கள். ஏன் அந்த அளவு? சிகரெட் சுற்றும் தாள் கட்டு போல உறை போட்டு எல்லை கடத்தத்தான். காலணிக்குள் எழுதப்பட்ட கவிதைக்குச் சட்டைப்பை பொருத்தமான வீடு.

இந்தக் கட்டத்தில் 'தடை தோற்றது, மொழி வென்றது' என்று முடித்துவிடத் தோன்றும். பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை.

1905 புரட்சி ஜார் அரசை உலுக்கியபோது அறிவியல் கழகமே முன்வந்தது. மொழியியலாளர்கள் கோர்ஷ், ஷாஹ்மத்தோவ் உள்ளிட்டோர் தயாரித்த அறிக்கை, இது தனி மொழிதான், தடைகளை நீக்குங்கள் என்றது. தடைகள் நடைமுறையில் உதிர்ந்தன. மொராச்செவ்ஸ்கியின் நற்செய்தி 1906-இல் திருச்சபை அச்சகத்திலேயே வெளிவரத் தொடங்கியது. மொழிபெயர்த்தவர் இறந்து இருபத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. போரிஸ் ஹ்ரின்சென்கோ நான்கு தொகுதி அகராதியை 1907-க்கும் 1909-க்கும் இடையில் வெளியிட்டார், ஏறத்தாழ 68,000 சொற்கள். தன் மகளுக்காகக் கையாலேயே எழுதிவைத்திருந்த அரிச்சுவடியையும் 1907-இல் அச்சுக்குக் கொடுத்தார்.

கீவில் நாளிதழ் பிறந்தது. 'ராதா'. நிலக்கிழார் யெவ்ஹென் சிக்கலென்கோ தன் சொத்திலிருந்து எடுத்து எடுத்து அதை நடத்தினார். உக்ரைனை இதயத்தின் ஆழத்திலிருந்து மட்டுமல்ல, சட்டைப்பையின் ஆழத்திலிருந்தும் நேசிக்க வேண்டும் என்று சொன்னவர் அவர்தான். எத்தனை பேர் வாங்கினார்கள்? சில ஆயிரம். இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் பேசும் மொழியில், பேரரசு முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே நாளிதழுக்குச் சில ஆயிரம் சந்தா.

1863-இல் வலூயெவ் எதை வெட்டினாரோ அதன் காயம் இங்கே தெரிகிறது. எழுத்துத் தெரியாத குடியானவனுக்குப் பத்திரிகை எதற்கு? எழுத்துத் தெரிந்தவன் அதை ரஷ்ய மொழியில் கற்றிருந்தான். சந்தையில் உக்ரேனியத்தில் பேரம் பேசுகிறவன்கூட, தாளில் அந்த மொழியைக் கண்டால் எழுத்துக்கூட்டித் திணறினான். கவிதை இருந்தது, நாடகம் இருந்தது, மேதைகள் இருந்தார்கள். லெஸ்யா உக்ராயின்கா தன் உச்சத்தில் எழுதிக்கொண்டிருந்தது இந்த ஆண்டுகளில்தான். தாய்மொழியில் எழுத்துக் கற்ற வாசகன்தான் இல்லை. அவனை உருவாக்கியிருக்கக்கூடிய அரிச்சுவடி இரண்டு தலைமுறையாகத் தடுக்கப்பட்டிருந்தது. அந்த வகையில் வலூயெவ் கேட்டதில் கணிசமான பங்கு அவருக்குக் கிடைத்தது என்றே சொல்ல வேண்டும்.

பேரரசோ தன் கொள்கையைத் தானே குழப்பிக்கொண்டிருந்தது. 1910 ஜனவரியில் பிரதமர் ஸ்தொலிப்பின் அனுப்பிய சுற்றறிக்கை, 'அந்நிய இனத்தார்' சங்கங்களைப் பதிவு செய்யக் கூடாது என்றது, உக்ரேனியச் சங்கங்களையும் யூதச் சங்கங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு. மொழி கேட்டால் நீ ரஷ்யன், சங்கம் கேட்டால் நீ அந்நியன். 1914-இல் ஷெவ்சென்கோவின் நூற்றாண்டு விழா தடுக்கப்பட, கீவ் தெருக்களில் மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். ஆகஸ்டில் போர் வந்ததும் 'ராதா' மூடப்பட்டது.

1917 மார்ச்சில், ஜார் பதவி இழந்த சில நாட்களிலேயே, கீவில் முதல் உக்ரேனிய உயர்நிலைப் பள்ளி திறந்தது. ஷெவ்சென்கோவின் பெயர்தான் அதற்கும். பாடத்திட்டம், பாடநூல், கலைச்சொல் எல்லாவற்றையும் ஆசிரியர்கள் ஏறக்குறைய வெறுங்கையிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. கணக்குப் புத்தகம், புவியியல், வரலாறு. ஷெவ்சென்கோ விலையோடு வரிசைப்படுத்தி வைத்த அதே பட்டியல், ஐம்பத்தாறு ஆண்டுகள் கழித்து. பள்ளியின் தலைமையாசிரியர் வொலொதிமிர் துர்துகிவ்ஸ்கி 1929-இல் சோவியத் அரசால் கைது செய்யப்பட்டு, மறு ஆண்டு கார்கிவில் நடந்த வழக்கில் கூண்டில் நிறுத்தப்பட்டார். 1938-இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.